அடிமாட்டு விலைக்குக் கிடைத்த ஆட்டக்காரர்கள்: மேஜர் லீக் பேஸ்பாலின் மலிவான ஃப்ரீ ஏஜென்ட் ஒப்பந்தங்கள்

தெற்கு ஸ்டாண்டு எழுதியது:

ஒவ்வொரு குளிர்காலத்திலும் மேஜர் லீக் அணிகள் ஃப்ரீ ஏஜென்ட்டுகளை, அதாவது எந்த அணிக்கும் கட்டுப்படாத ஆட்டக்காரர்களை, வளைத்துப் போடும்போது, முப்பது கோடி, நாற்பது கோடி டாலர் ஒப்பந்தங்களைப் பற்றித்தான் எங்கும் பேச்சாக இருக்கிறது. எனக்கோ அந்தப் பட்டியலின் அடியில், யாரும் சீண்டாமல் கிடக்கும் பெயர்களைப் படிப்பதில்தான் ருசி. அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை மட்டும் பேசுவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் பார்வையில் முதலிடம் டேவிட் ஓர்ட்டிஸுக்கு. 2002ஆம் ஆண்டு டிசம்பர் 16 அன்று மின்னசோட்டா ட்வின்ஸ் அணி அவரை விடுவித்தது. அவருக்கு அப்போது 27 வயது. முழங்கால் தொந்தரவோடு ஆடியும் அந்த ஆண்டு 20 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்திருந்தார். சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவரின் தீர்ப்பு வழியே அவருடைய சம்பளம் உயரவிருந்தது. அதே நாளில், மற்ற அணிகளின் கீழ்நிலை வீரர்களை எடுக்கும் ரூல் 5 டிராஃப்டில் எடுத்த ஹோசே மோர்பான் என்ற ஷார்ட்ஸ்டாப்புக்கு, அணி தன் வசம் வைத்துக்கொள்ளும் நாற்பது பேர் பட்டியலில் ஓர் இடமும் தேவைப்பட்டது. ஓர்ட்டிஸ் வெளியேறினார். 2003 ஜனவரி 22 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி 12.5 லட்சம் டாலருக்கு ஒரே ஓர் ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அந்த ஆண்டு 31 ஹோம் ரன், மறு ஆண்டு பாஸ்டன் 86 ஆண்டுகள் காத்திருந்த உலகத் தொடர் (பருவத்தின் இறுதிப் போட்டி) வெற்றி, பாஸ்டன் சட்டையில் மொத்தம் 483 ஹோம் ரன், 2022இல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற பெருமை மன்றத்தில் இடம்.

என் கேள்வி இரண்டு. இதைவிட மலிவான ஒப்பந்தம் உண்டா? மற்ற அணிகள் எல்லாம் பார்க்கத் தவறிய எதை பாஸ்டன் பார்த்தது?


பத்தாவது பேட்டர் எழுதியது:

ஹோசே பவுடிஸ்டாவை மறந்துவிட்டீர்களே! டொராண்டோவுக்கு ஏறக்குறைய இலவசமாகக் கிடைத்தவர், 2010இல் 54 ஹோம் ரன் அடித்தார்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

பவுடிஸ்டா இந்த இழையில் சேரமாட்டார். 2008 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் அணி ராபின்சன் டியாஸ் என்ற கேட்சரை வாங்கிக்கொண்டு அவரை டொராண்டோவுக்குக் கொடுத்தது. அது பண்டமாற்று. ஃப்ரீ ஏஜென்ட் என்றால் எந்த அணிக்கும் கட்டுப்படாதவர். ஆறு ஆண்டு மேஜர் லீக் சேவையை முடித்து வெளியே வரலாம். அணியே விடுவித்து வரலாம். அல்லது அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தத்தை அணி நீட்டாமல் விட்டு, நான்-டெண்டர் ஆகி வரலாம். மலிவான சரக்கு பெரும்பாலும் பின்னைய இரண்டு வாசல்களின் வழியேதான் வருகிறது. முதல் வாசலில் வருகிறவருக்கு முகவர் இருப்பார், எண்கள் இருக்கும், போட்டி இருக்கும்.

இனி நண்பர் தெற்கு ஸ்டாண்டின் இரண்டாவது கேள்வி. பாஸ்டன் எதைப் பார்த்தது என்று கேட்கிறீர்கள். பாஸ்டனும் பார்க்கவில்லை என்பதே என் பதில். அந்தக் குளிர்காலத்தில்தான் 28 வயதான தியோ எப்ஸ்டீன் பொது மேலாளராகப் பொறுப்பேற்றார். அவர் ஓர்ட்டிஸை மட்டுமா கொண்டுவந்தார்? ஜெரமி ஜியாம்பி, கெவின் மில்லார், பில் மியூலர், டாட் வாக்கர் என்று ஒரு கூட்டத்தையே இறக்கினார். அவர்களில் சிலர் ஃப்ரீ ஏஜென்ட், சிலர் பரிமாற்றத்தில் வந்தவர்கள். ஜியாம்பியின் பேட்டிங் சராசரி .200ஐக்கூடத் தொடவில்லை. மியூலர் .326 அடித்து மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் பட்டத்தையே வென்றார். யாரும் எதிர்பார்க்காத வரவு என்றால் அந்த ஆண்டு அவர்தான். ஓர்ட்டிஸோ ஏப்ரல், மே மாதங்களில் பாதி நாட்கள் பெஞ்சில் இருந்தார். மே கடைசியில் ஷே ஹில்லன்பிராண்டை அரிசோனாவுக்குக் கொடுத்த பிறகுதான் அவருக்கு நிலையான இடம் கிடைத்தது. முத்து இருக்கிறது என்று தெரிந்து மூழ்கியவர் ஒரே சிப்பியோடு மேலே வருவார். ஐந்து சிப்பியை அள்ளிக்கொண்டு வந்தவருக்கு எதில் முத்து என்று தெரியாது என்றுதானே பொருள்?


தெற்கு ஸ்டாண்டு எழுதியது:

பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியில் அன்றைய பாஸ்டன் பிட்சர் (பந்தெறிபவர்) பெட்ரோ மார்ட்டினஸ் இருக்கிறார். ஓர்ட்டிஸ் வேலையிழந்த அந்த டிசம்பரில், டொமினிகன் குடியரசில் ஓர் உணவகத்தில் பெட்ரோ அவரைத் தற்செயலாகச் சந்தித்தார். செய்தி கேட்டதும் அங்கிருந்தபடியே பாஸ்டன் நிர்வாகத்துக்குத் தொலைபேசியில் பேசி, இவரை விடாதீர்கள் என்று வற்புறுத்தினார். உலகின் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவர், தான் எதிர்கொண்ட ஒரு பேட்டரைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்கு எந்தப் புள்ளிவிவரமும் ஈடாகாது. எனவே ஒருவர் பார்த்தார். அவர் அலுவலகத்தில் உட்காரவில்லை, அவ்வளவுதான்.


நாக்கிள்பால் எழுதியது:

என் பெயரைப் பார்த்தாலே யாரைப் பற்றி எழுதப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். ஆர்.ஏ. டிக்கியின் கதையை முதலிலிருந்து சொன்னால்தான் அவருடைய விலை ஏன் அப்படி இருந்தது என்பது விளங்கும்.

1996இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்து 8,10,000 டாலர் ஊக்கத்தொகை பேசியிருந்தது. ஒரு பத்திரிகையின் அட்டைப்படத்தில் மற்ற வீரர்களோடு அவர் நின்றுகொண்டிருந்தபோது, அவருடைய வலது கை சற்று விநோதமாகத் தொங்குவதை அணியின் மருத்துவ உதவியாளர் கவனித்தார். பரிசோதித்தால், முழங்கையில் உல்நார் தசைநார் என்ற ஒன்றே இல்லை. அந்தத் தசைநார் கிழிந்து பிட்சர்களின் வாழ்க்கை முடிவதைக் கேட்டிருக்கிறோம். அது இல்லாமலே ஒருவர் கல்லூரி முழுக்க எறிந்து, ஒலிம்பிக் அணியிலும் இடம்பிடித்திருக்கிறார். ரேஞ்சர்ஸ் 8,10,000ஐ 75,000ஆகக் குறைத்தது. அவரும் கையெழுத்திட்டார்.

பத்தாண்டு மேலும் கீழுமாக இழுபட்ட பிறகு, வழக்கமான பந்துகளைக் கைவிட்டு நாக்கிள்பால் எறியத் தொடங்கினார். விரல் நகங்களின் நுனியால் பந்தைப் பற்றி, ஏறக்குறைய சுழலாமல் வெளியே தள்ளும் பந்து அது. நன்றாக விழுந்தால் எங்கே போகும் என்று கேட்சருக்கும் தெரியாது. சற்றே சுழன்றுவிட்டால் போதும், பேட்டருக்கு விருந்து. 2006 ஏப்ரலில் நாக்கிள்பால் பிட்சராக அவர் ஆடிய முதல் ஆட்டத்தில் ஆறு ஹோம் ரன் கொடுத்தார். நவீன காலச் சாதனையைச் சமன் செய்த எண்ணிக்கை அது. அதன் பிறகு சியாட்டில், மின்னசோட்டா. 2010இல் நியூயார்க் மெட்ஸ் அணி மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழ்ப்பட்ட லீக்குகள்) ஒப்பந்தம் கொடுத்தபோது அவருக்கு 35 வயது. பயிற்சி முகாமின் தொடக்கத்திலேயே தங்கள் மைனர் லீக் அணி இருந்த பஃபலோவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஏப்ரல் கடைசியில் ஓர் ஆட்டத்தில், முதல் பேட்டருக்கு ஒரு ஹிட் (பந்தை அடித்துத் தளம் சேர்தல்) கொடுத்தவர் அடுத்த 27 பேரையும் வரிசையாக வெளியேற்றினார். மே மாதம் மேலே அழைத்தார்கள்.

அந்த ஆண்டு 2.84 இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்டுக்கொடுக்கும் சராசரி ரன்; குறைந்தால் நல்லது). 2012இல் 20 வெற்றி, 2.73 இஆர்ஏ, ஜூன் மாதத்தில் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்த விந்தை, ஆண்டின் இறுதியில் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. நாக்கிள்பாலை நம்பி ஆடிய ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. கையோடு மெட்ஸ் அவரை டொராண்டோவுக்குக் கொடுத்து நோவா சிண்டர்கார்டையும் டிராவிஸ் டார்னோவையும் வாங்கிக்கொண்டது. 2015 உலகத் தொடரில் மெட்ஸ் வென்ற ஒரே ஆட்டத்தில் வெற்றி பெற்ற பிட்சர் அந்தச் சிண்டர்கார்டுதான். மைனர் லீக் ஒப்பந்தம் ஒன்றின் வட்டி ஐந்தாண்டு கழித்தும் வந்துகொண்டிருந்தது. ஓர்ட்டிஸ் பெரியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் விலைக்கும் வரவுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் என் வாக்கு டிக்கிக்கே.


வெளிமைதானம் எழுதியது:

டிக்கி தன் பந்தை மாற்றிக்கொண்டார். தங்கள் பேட் வீச்சை மாற்றிக்கொண்ட பேட்டர்களையும் இங்கே சேர்க்க வேண்டும், ஏனெனில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் சிறந்த மலிவு ஒப்பந்தங்கள் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

2013இல் மார்லன் பர்டு மைனர் லீக் ஒப்பந்தத்தில் மெட்ஸுக்கு வந்தார். கலிபோர்னியாவில் டக் லாட்டா என்ற தனிப் பயிற்சியாளரிடம் தன் வீச்சைத் திருத்திக்கொண்டு வந்த அவர், 35 வயதில் 24 ஹோம் ரன் அடித்தார். அதே அணியில், வந்ததும் போனதும் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்த ஜஸ்டின் டர்னருக்கு அந்த ஆண்டு இரண்டே ஹோம் ரன்தான். பர்டு சொல்லிக்கொடுத்ததைக் காதில் வாங்கிக்கொண்ட டர்னர், குளிர்காலத்தில் அதே லாட்டாவிடம் போய்ச் சேர்ந்தார். டிசம்பரில் மெட்ஸ் அவரை நான்-டெண்டர் செய்தது. தான் படித்த புல்லர்டன் கல்லூரியில் பழைய மாணவர்களுக்கான ஓர் ஆட்டத்தில் அவர் ஆடியதை டாட்ஜர்ஸ் அணியின் பயிற்சியாளர் டிம் வாலாக் பார்த்துவிட்டு நிர்வாகத்திடம் சொன்னார். 2014 பிப்ரவரியில் மைனர் லீக் ஒப்பந்தம். அந்தப் பருவத்தில் 109 ஆட்டங்களில் .340. 2016 இறுதியில் அதே டாட்ஜர்ஸ் நான்கு ஆண்டுக்கு 6.4 கோடி டாலர் கொடுத்து அவரைத் தக்கவைத்தது.

ஜே.டி. மார்ட்டினஸின் கதை இன்னும் கசப்பானது. அவரும் அந்தக் குளிர்காலத்தில் வீச்சை அடியோடு மாற்றிக்கொண்டு ஹூஸ்டன் முகாமுக்கு வந்தார். 2013இல் 111 ஆட்டங்களைத் தோற்றிருந்த அணி அது. இழப்பதற்கு எதுவுமே இல்லாத அணி. அப்படியிருந்தும் முகாமில் அவருக்குப் பதினெட்டு முறை மட்டுமே பேட் செய்ய இடம் கொடுத்துவிட்டு, மார்ச் மாதம் விடுவித்துவிட்டார்கள். இரண்டு நாளில் டெட்ராய்ட் மைனர் லீக் ஒப்பந்தம் போட்டது. அவ்வாண்டு .315, 23 ஹோம் ரன். பிற்பாடு பாஸ்டன் கொடுத்தது 11 கோடி டாலர்.

கவனியுங்கள்: சந்தை இவர்களுக்குப் போட்ட விலை பொய்யான விலை இல்லை. போன ஆண்டின் டர்னருக்கு அது சரியான விலை. மார்ச் மாதத்தில் வந்து நின்றவர் வேறு ஆள் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

மேக்ஸ் மன்சியைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 2017 முகாமின் கடைசியில் ஓக்லண்ட் அவரை விடுவித்தது. டெக்சஸில் தான் படித்த பள்ளியின் வலைக்கூண்டில் அப்பா பந்து போட, மகன் அடித்துப் பழகினார். டாட்ஜர்ஸ் மைனர் லீக் ஒப்பந்தம் போட்டு ஓராண்டு முழுக்க ஓக்லஹோமா சிட்டியில் வைத்திருந்தது. மறு ஆண்டு 35 ஹோம் ரன். அந்த 2018 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தை நான் சென்னையில் சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு மேல் காப்பியோடு பார்க்கத் தொடங்கினேன். காலைச் சிற்றுண்டி முடிந்தது, காய்கறி வாங்கப் போய்வந்தேன், மதியச் சமையலும் ஆயிற்று. ஆட்டம் மட்டும் முடியவில்லை. பிற்பகல் ஒரு மணிக்கு, பதினெட்டாவது இன்னிங்ஸில், அதற்குள் 90க்கு மேற்பட்ட பந்துகளை எறிந்து களைத்திருந்த நேதன் இயோவால்டியின் பந்தை மன்சி இடப்பக்க வேலிக்கு அப்பால் அனுப்பியபோது, தட்டில் சாம்பார் ஆறிப்போயிருந்தது. ஏழு மணி இருபது நிமிடம் நடந்த ஆட்டம்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

நண்பர் வெளிமைதானம் அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஏதாவது ஒரு முகாமில் ‘வீச்சை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்’ என்று சொல்லாத பேட்டர் உண்டா? மைனர் லீக் ஒப்பந்தத்தோடு முகாமுக்கு அழைக்கப்படுகிறவர்கள் ஒவ்வோர் அணியிலும் பலர்; முப்பது அணிக்கும் கூட்டினால் சில நூறு பேர். அவர்களில் பெரும்பாலோர் மார்ச் கடைசியில் பெயர் தெரியாமல் வீட்டுக்கோ, மைனர் லீக்கின் மேல்படியான டிரிபிள்-ஏ நகரங்களுக்கோ போய்விடுகிறார்கள். நாம் டர்னரையும் மன்சியையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு சூத்திரம் தேடுகிறோம். தேர்வில் முதலிடம் பெற்ற மாணவன் விடிகாலையில் எழுந்து படித்தான் என்பதற்காக, விடிகாலையில் எழுந்த எல்லோரும் முதலிடம் வாங்கினார்கள் என்று எழுதிவிட முடியாது.

அதற்காக எல்லாமே குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்ல வரவில்லை. மைனர் லீக் ஒப்பந்தத்தின் தன்மையைப் பாருங்கள். அந்த வீரர் மேலே வந்தால்தான் மேஜர் லீக் சம்பளம். வராவிட்டால் அணிக்கு ஏறக்குறைய செலவே இல்லை. இழப்புக்கு எல்லை உண்டு, ஆதாயத்துக்கு எல்லை இல்லை. அப்படிப்பட்ட சீட்டை எத்தனை முடியுமோ அத்தனை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பணக்கார டாட்ஜர்ஸ் அணி இந்த ஏழை வியாபாரத்திலும் முன்னணியில் இருப்பதற்குக் காரணம் கழுகுப் பார்வை மட்டும் இல்லை. தங்கள் அணி நிரம்பியிருப்பதால் மன்சியைப் போன்றவரை ஓராண்டு கீழே வைத்துப் பார்க்கும் பொறுமை அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது.


பத்தாவது பேட்டர் எழுதியது:

இந்த முறை சரிபார்த்துவிட்டுத்தான் வருகிறேன். ஜேசன் ஹேவர்டு 2023இல் டாட்ஜர்ஸுக்குக் குறைந்தபட்ச சம்பளமான 7,20,000 டாலருக்கு ஆடி 15 ஹோம் ரன் அடித்தார். இது சேருமா, சேராதா?


பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

சேரும், ஆனால் பாதி விலைச்சீட்டு வேறொருவர் சட்டைப்பையில் இருக்கிறது, தம்பி. ஹேவர்டுக்கு சிகாகோ கப்ஸ் 18.4 கோடி டாலருக்கு எட்டாண்டு ஒப்பந்தம் போட்டிருந்தது. கடைசி ஓராண்டு மிச்சம் இருக்கும்போது விடுவித்தது. அப்படி விடுவிக்கப்பட்டவரை எடுக்கும் அணி குறைந்தபட்ச சம்பளத்தைக் கொடுத்தால் போதும். மீதியைப் பழைய அணியே கொடுத்துத் தீர்க்க வேண்டும். அந்த 2023இல் அவருக்குக் கிட்டத்தட்ட 2.2 கோடி டாலர் கொடுத்தது சிகாகோ; ஹோம் ரன்னை வாங்கிக்கொண்டது லாஸ் ஏஞ்சலிஸ்.

இந்த உதாரணத்தை எடுத்ததும் நல்லதாகப் போயிற்று. இதுவரை எல்லோரும் திறமையைச் சந்தை தவறாக எடை போட்டதைப் பற்றியே பேசுகிறீர்கள். திறமை எல்லோருக்கும் தெரிந்திருந்தும், விதிகளோ சூழ்ச்சியோ விலையைத் தரைமட்டமாக்கிய ஒப்பந்தங்களும் உண்டு.

1987ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ரே டாசன் மாண்ட்ரியலில் பத்தாண்டு ஆடிய நட்சத்திரம். அங்கிருந்த ஒலிம்பிக் அரங்கின் செயற்கைத் தரை அவருடைய முழங்கால்களை அரைத்துவிட்டது. எனவே இயற்கைப் புல் இருக்கும் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டுக்குப் போக விரும்பினார். ஃப்ரீ ஏஜென்ட் ஆனார். ஆனால் எந்த அணியும் கூப்பிடவில்லை. மார்ச் மாதம் அவரும் அவருடைய முகவரும் அரிசோனாவில் கப்ஸ் அணியின் முகாமுக்கே நேரில் போனார்கள். சம்பளம் என்ற இடத்தை வெறுமையாக விட்டு, டாசனின் கையெழுத்து மட்டும் போட்ட ஒப்பந்தத்தை நீட்டி, நீங்களே தொகையை நிரப்பிக்கொள்ளுங்கள் என்றார்கள். பொது மேலாளர் டல்லஸ் கிரீன் ஐந்து லட்சம் டாலர் என்று நிரப்பினார். கூடவே சில ஊக்கத்தொகைகள். மாண்ட்ரியலில் வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தைவிட அது வெகு குறைவு. டாசன் அந்த ஆண்டு 49 ஹோம் ரன் அடித்து 137 ரன்களைக் கொண்டுவந்தார். அணி தன் பிரிவில் கடைசி இடம். ஆனாலும் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருது அவருக்கே வந்தது.

ஏன் யாரும் கூப்பிடவில்லை? ஃப்ரீ ஏஜென்ட்டுகளுக்குப் போட்டி போடுவதில்லை என்று அணி முதலாளிகள் தங்களுக்குள் கூடிப் பேசி வைத்திருந்தார்கள். புகாரை விசாரித்த நடுவர்கள் அதைக் குற்றம் என்று கண்டறிந்து, 1990இல் முதலாளிகள் 28 கோடி டாலர் இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொள்ளும்படி ஆயிற்று. எனவே டாசனை மலிவு என்று கொண்டாடுவதற்கு எனக்கு நா கூசுகிறது.

சூழ்ச்சி இல்லாமல் வெறும் விதியே செய்த வேலைக்கு நெல்சன் குரூஸ் சாட்சி. 2013 இறுதியில் டெக்சஸ் அவருக்கு 1.41 கோடி டாலருக்கு ஓராண்டு குவாலிஃபையிங் ஆஃபர் கொடுத்தது; மறுத்துவிட்டார். மறுத்தவரை எடுக்கும் அணி தன் டிராஃப்ட் வாய்ப்பு ஒன்றை இழக்க வேண்டும் என்பது அன்றைய விதி. 33 வயதுக்காரருக்காக யார் அதை இழப்பார்கள்? பிப்ரவரி வரை காத்திருந்து, பால்டிமோரில் 80 லட்சத்துக்குக் கையெழுத்திட்டார். பால்டிமோர் துணிந்ததற்குக் காரணமும் வேடிக்கையானது. சில நாட்களுக்கு முன்புதான் ஊபால்டோ ஹிமேனஸ் என்ற பிட்சருக்கு நான்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் கொடுத்து, தங்கள் முதல் சுற்று வாய்ப்பை இழந்திருந்தார்கள். முதல் சுற்றே போன பிறகு இரண்டாம் சுற்று போனால் என்ன! அந்த ஆண்டு ஹிமேனஸ் 6 வெற்றி, 9 தோல்வி, 4.81 இஆர்ஏ. குரூஸ் இரு லீக்குகளிலும் அதிகபட்சமாக 40 ஹோம் ரன். ஒரே அலுவலகம், ஒரே மாதம், ஒரே பேனா.


நாக்கிள்பால் எழுதியது:

ஐயா ஒன்றை மரியாதைக்காக விட்டுவிட்டார், நான் சொல்லிவிடுகிறேன். குரூஸ் 2013இல் ஊக்கமருந்து விவகாரத்தில் 50 ஆட்டத் தடை பெற்றவர். விலை இறங்கியதில் டிராஃப்ட் விதிக்கு இருந்த பங்கு இந்தத் தடைக்கும் இருந்தது. பார்டோலோ கொலோனும் அப்படியே: 2012இல் 50 ஆட்டத் தடை, மறு ஆண்டு ஓக்லண்டில் 30 லட்சம் டாலருக்கு ஆடி 18 வெற்றி, 2.65 இஆர்ஏ. அதன் மறுபக்கத்தை ஜூரிக்சன் ப்ரோஃபாரிடம் பார்க்கலாம். 2024இல் சான் டியேகோ அடிப்படைச் சம்பளமாக 10 லட்சம் டாலர் கொடுத்தது. 24 ஹோம் ரன்னும் ஆல்-ஸ்டார் இடமும் கிடைத்தன. அதை நம்பி அட்லாண்டா மூன்றாண்டுக்கு 4.2 கோடி கொடுத்தது. 2025 பருவம் தொடங்கிய சில நாட்களிலேயே 80 ஆட்டத் தடை வந்தது. மலிவான ஆண்டை ஓர் அணி அனுபவித்தது, பில் அடுத்த மேசைக்குப் போனது.


தெற்கு ஸ்டாண்டு எழுதியது:

பில்லைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் எழுதுகிறேன். நாம் ‘மலிவு’ என்று சொல்லும்போதெல்லாம் அணியின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பேசுகிறோம். கார்லோஸ் ரோடானின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். 2014 டிராஃப்டில் மூன்றாவதாக எடுக்கப்பட்டவர். முழங்கையிலும் தோளிலும் கத்தி பட்டவர். 2020 டிசம்பரில் சிகாகோ வைட் சாக்ஸ் அவரை நான்-டெண்டர் செய்து, சில வாரம் கழித்து 30 லட்சம் டாலருக்குத் திரும்ப எடுத்துக்கொண்டது. தொடக்க பிட்சர் இடம்கூட உறுதி இல்லை.

2021 ஏப்ரல் 14 அன்று கிளீவ்லண்டுக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ் வரை ஒருவரையும் தளத்துக்கு அனுப்பவில்லை. ஒன்பதாவதில் ஒருவர் வெளியேறிய பின், ராபர்ட்டோ பெரெஸை நோக்கி எறிந்த பந்து கீழே இறங்கி அவருடைய பின்காலின் பாதத்தில் பட்டுவிட்டது; அதனால் அவருக்குத் தளம் கிடைத்தது. முழுமையான ஆட்டம் என்ற அபூர்வச் சாதனை ஒரு ஷூ நுனியில் போயிற்று. அடுத்த இருவரையும் வீழ்த்தி, ஒரு ஹிட்கூடக் கொடுக்காத நோ-ஹிட்டரை முடித்தார். அந்த ஆண்டு 2.37 இஆர்ஏ. இவ்வளவுக்கும் பிறகு அதே அணி அவருக்குக் குவாலிஃபையிங் ஆஃபர்கூடக் கொடுக்காமல் விட்டது; இன்றுவரை எனக்கு அது புரியவில்லை. சான் பிரான்சிஸ்கோ இரண்டாண்டுக்கு 4.4 கோடி, அதிலிருந்து ஓராண்டிலேயே வெளியே வந்து நியூயார்க் யாங்கீஸில் ஆறாண்டுக்கு 16.2 கோடி. இவருக்குத் தாமதமாகவாவது நியாயம் கிடைத்தது.


கணக்குப்பிள்ளை எழுதியது:

நியாயத்தைப் பற்றி ஒரு மறுப்பு. ரோடானுக்கு 2021இல் கிடைத்த முதல் பொருள் 30 லட்சம் இல்லை, ஐந்து நாளைக்கு ஒருமுறை பந்தெறியும் மேட்டில் ஏறும் வாய்ப்பு. வேறு இடத்தில் 60 லட்சம் கொடுத்து அவரை நடு இன்னிங்ஸ் பிட்சராக உட்கார வைத்திருந்தால், பின்னால் வந்த 16.2 கோடி வந்திருக்குமா என்பது சந்தேகம்.

முதலில் நான் சொன்னதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். 2013 பாஸ்டன் அணியைத் திரும்பப் பார்த்தபோது இது தோன்றியது. முந்தைய ஆண்டு 93 ஆட்டம் தோற்ற அணி; பெரிய பெயர் எதையும் வாங்காமல், நடுத்தர விலையில் ஒரு வண்டி ஆட்களைச் சேர்த்தது. மைக் நாப்போலிக்கு மூன்றாண்டுக்கு 3.9 கோடி பேசி முடித்த பிறகு, மருத்துவப் பரிசோதனையில் இடுப்பு எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்திருப்பது தெரிந்தது. ஒப்பந்தம் ஓராண்டாக, உறுதியான தொகை 50 லட்சமாகச் சுருங்கியது. அவர் 23 ஹோம் ரன் அடித்தார். டெட்ராய்டில் ஜஸ்டின் வெர்லாண்டர் பந்தில் அவர் அடித்த ஒரே ஹோம் ரன்தான் அந்த ஆண்டு உலகத் தொடருக்கு முந்தைய சுற்றின் மூன்றாம் ஆட்டத்தை 1-0 என்று முடித்தது.

அதைவிட வியப்பு கோஜி உயேஹாரா. ஜப்பானியர், 38 வயது, 42.5 லட்சம் டாலர், அதுவும் ஆட்டத்தை முடித்து வைக்கும் குளோசராக எடுக்கப்பட்டவர் இல்லை. குளோசராக வந்த ஜோயல் ஹன்ரஹான் காயமடைந்தார், அடுத்து ஆண்ட்ரூ பெய்லி காயமடைந்தார். வேறு வழியில்லாமல் ஒன்பதாவது இன்னிங்ஸ் உயேஹாராவிடம் வந்தது. 74 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து 101 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார், அவர் எறிந்த நான்கு தவறான பந்துகளால் இலவசமாகத் தளத்துக்குப் போனவர்கள் ஒன்பது பேர் மட்டும், 1.09 இஆர்ஏ. நாப்போலியை மருத்துவ அறிக்கை மலிவாக்கியது, உயேஹாராவை வயது மலிவாக்கியது, ஓர்ட்டிஸை ட்வின்ஸின் பட்டியல் நெருக்கடி மலிவாக்கியது. மூவரிடமும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: காலியான ஓர் இடம் சரியான மாதத்தில் அவர்களுக்காகத் திறந்தது. பார்வை என்று நீங்கள் சொல்வதும் அதிர்ஷ்டம் என்று நான் சொல்வதும் அந்த இடத்தில் கலந்துவிடுகின்றன.


வெளிமைதானம் எழுதியது:

உயேஹாராவைப் பற்றிப் படித்ததும் ஒரு சிறு குறிப்பு. கடல் தாண்டிப் போய்த் திரும்பிய அமெரிக்கர்களும் இந்த வகையில் சேர்வார்கள். ஜப்பானின் யோமியூரி அணியில் மூன்றாண்டு எறிந்துவிட்டு வந்த மைல்ஸ் மைக்கோலஸை 2018இல் செயின்ட் லூயிஸ் இரண்டாண்டுக்கு 1.55 கோடிக்கு எடுத்தது. முதல் ஆண்டே 18 வெற்றி, 4 தோல்வி. கொரியாவில் நான்கு ஆண்டு எறிந்த மெரில் கெல்லி அரிசோனாவுக்கு இரண்டாண்டுக்கு 55 லட்சத்துக்கு வந்தார். 2023 உலகத் தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸ் எறிந்து ஒன்பது பேரை ஸ்டிரைக் அவுட் செய்தவர் அவரே.


பத்தாவது பேட்டர் எழுதியது:

எல்லோரும் பெரிய பெயர்களைப் பேசிவிட்டீர்கள். நான் முதல் பதிவிலேயே நிற்கிறேன். ஓர்ட்டிஸை வெளியேற்றி இடம் ஒதுக்கப்பட்டாரே, அந்த மோர்பான் என்ன ஆனார்?


பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

ட்வின்ஸுக்காக ஒரு நாளும் ஆடவில்லை, தம்பி. மூன்றே மாதத்தில், முகாம் முடிவதற்குள் அவரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பால்டிமோர் வேவர் (ஓர் அணி கைவிட்டவரை வேறோர் அணி எடுத்துக்கொள்ளும் முறை) வழியாக எடுத்துக்கொண்டது. 2003 ஒரே ஒரு பருவம், பெரும்பாலும் பெஞ்சில். அத்தோடு அவருடைய மேஜர் லீக் ஆட்டம் முடிந்தது.